தட்டில் கலகலத்த அப்பம்

1686ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து வணிகரும் பின்னாளில் நீதிபதியானவருமான சாமுவேல் சூவல் தம் நாட்குறிப்பில் ஒரு சிறு வரி எழுதினார். அன்றைய குளிரில், கிறிஸ்துவின் நினைவாகச் சபையில் பகிரும் திருவிருந்து அப்பம் கல்லாக உறைந்துபோனது என்றும், அதைப் பிட்டுத் தட்டுகளில் இட்டபோது அது துயரமாகக் கலகலத்தது என்றும் அதில் குறித்திருக்கிறார். கணப்பு இல்லாத மரக் கட்டடம், கம்பளிக்குள் ஒடுங்கி அமர்ந்த மனிதர்கள், அந்த நிசப்தத்தில் தட்டில் விழும் உறைந்த அப்பத்தின் ஒலி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக்குக் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்திருந்தும், அவர்களை நான் முதன்முதலாகக் கேட்டது இந்த வரியில்தான்.

அதுவரை அவர்கள் எனக்குக் கறுப்பு அங்கியும் கடுத்த முகமுமாகவே இருந்தார்கள். எதிலும் ஐயமற்றவர்கள், தாங்கள் சொல்வதே கடவுளின் சொல் என்று நம்பியவர்கள், அந்த உறுதியைக் கொண்டு பிறரை நசுக்கியவர்கள் என்றே நினைத்திருந்தேன். கடந்த சில மாதங்களாக அவர்கள் தம் கைப்பட எழுதியவற்றைப் படித்துவருகிறேன். பிறரை நசுக்கியது உண்மை. ஆனால் அந்த உறுதி, அதிலும் தங்களைப் பற்றிய உறுதி, அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. காலையில் கண் விழித்தது முதல் இரவு விளக்கை அணைக்கும்வரை, கடவுள் தங்களை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு வாழ்ந்த மனிதர்களைத்தான் அங்கே கண்டேன். இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1620இல் மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகளோடு வந்து பிளிமத்தில் இறங்கியவர்களை வழிநடத்தியவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையை முற்றிலும் விட்டுப் பிரிந்தவர்கள். வந்த பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. 1630இல் ஜான் வின்திராப் தலைமையில் ஆர்பெல்லா முதலிய கப்பல்களில் மாசச்சூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தவர்களோ, அந்தத் திருச்சபைக்குள் இருந்துகொண்டே அதைத் தூய்மைப்படுத்த நினைத்தவர்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்களை எதிர்த்த ஆயர் வில்லியம் லாடின் கை ஓங்கி, அவர்களுடைய போதகர்கள் பிரசங்க மேடையை இழந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தார்கள். தனி ஆட்களாகப் பொன் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு. கைக்குழந்தையும் பாட்டியும் விதைத் தானியமும் வேதப் புத்தகமுமாக வந்தவர்களே அதிகம்.

அவர்கள் நம்பிய கோட்பாடு பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினுடையது. யார் இரட்சிக்கப்படுவார் என்பதை உலகம் தோன்றுமுன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார். நற்செயல்களால் அதை மாற்ற முடியாது. தான் அப்படிக் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவன்தான் என்பதை ஒருவன் முழுமையாக அறியவும் முடியாது. அறிய முடியாது என்றாலும், அறிய முயலாமல் இருக்கவும் கூடாது. தன் உள்ளத்தில் கிருபை வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்க்கவேண்டும். சோதித்து நிம்மதி அடைந்துவிட்டாலோ, அந்த நிம்மதியே சாத்தானின் மயக்கமாக இருக்கலாம். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழியே இல்லை. இதை எழுதும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது.

1630களின் நடுப்பகுதியிலிருந்து, சபையின் முழு உறுப்பினராக விரும்புகிறவர் தம் உள்ளத்தில் கடவுள் என்ன செய்தார் என்பதைச் சபைக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் பரவியது. மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் போதகராக இருந்த தாமஸ் ஷெப்பர்ட், தம் சபையில் சேர வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சொன்னதை எழுதி வைத்தார். அவர்களில் வீட்டு வேலை செய்த பெண்களும் உண்டு. வெற்றி முழக்கம் எதுவும் அந்த அறிக்கைகளில் இல்லை. கடல் தாண்டி வந்தும் மனம் மரத்துப்போயிருந்தது, பிரசங்கம் கேட்டும் உருகவில்லை, ஒரு வசனம் தேற்றியது, மறுநாளே அந்தத் தேறுதல் போய்விட்டது என்றுதான் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்கிறார்கள். பெரும்பாலானவை முடியும் இடத்திலும் ஐயம் முடியவில்லை. சுதந்தரக் குடியாக வாக்களிக்கும் உரிமையும் 1631 முதல் சபை உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டுமே என்று இருந்ததால், இந்த உள்மனக் கணக்கு ஊரின் நிர்வாகத்தோடும் பிணைந்திருந்தது.

வின்திராப்பின் நாளேட்டில் 1637ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு உண்டு. பாஸ்டன் சபையைச் சேர்ந்த ஒரு பெண், தன் ஆன்மாவின் நிலை என்ன என்று நெடுநாள் அல்லாடி, ஒருநாள் தன் கைக்குழந்தையைக் கிணற்றில் எறிந்துவிட்டு வீட்டுக்குள் வந்து, “இப்போது நான் நரகத்துக்குப் போவேன் என்பது உறுதியாகிவிட்டது” என்றாள். அக்கம்பக்கத்தார் ஓடிப்போய்க் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். உறுதியின்மையைத் தாங்க முடியாமல், கெட்ட உறுதியாவது கிடைத்தால் போதும் என்று ஒரு தாய் துணியும் அளவுக்கு அந்தக் கேள்வி கனத்திருக்கிறது. அவள் பெயரை வின்திராப் எழுதவில்லை.

இந்தக் கனத்தைச் சுமந்துகொண்டுதான் அவர்கள் சோறாக்கினார்கள், மரம் வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். வீட்டின் நடுவே பெரிய புகைபோக்கி, அதன் இருபுறமும் ஓர் அறை, மேலே தாழ்ந்த பரண். 1640ஐ ஒட்டி டெடமில் கட்டப்பட்ட ஃபேர்பேங்க்ஸ் வீடு இன்றும் நிற்கிறது. உணவின் முதுகெலும்பு மக்காச்சோளம். அதை எப்படி நடவேண்டும் என்று பிளிமத்தாருக்குக் கற்றுத்தந்தவர் டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி மனிதர். சோள மாவைக் கஞ்சியாகக் கிண்டினார்கள். கம்புபோல் கரடான ரை மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். பட்டாணியும் அவரையும் பன்றிக்கறியும் பானையில் மணிக்கணக்காக வெந்தன. மரத்தட்டு ஒன்றில் இருவர் உண்பது சாதாரணம். குழந்தைகளும்கூட நீர்த்த பீரைக் குடித்தார்கள். உடையைப் பற்றிய என் பழைய எண்ணமும் தவறு. கறுப்பு விலை உயர்ந்த சாயம். அன்றாடம் அவர்கள் உடுத்தியது பழுப்பும் மங்கிய பச்சையும் செம்மண் நிறமும்தான்.

வீடே சின்னச் சபை, குடும்பத் தலைவரே அதன் போதகர். காலையும் மாலையும் வேதம் வாசித்து, அதிலுள்ள துதிப்பாடல்களான சங்கீதங்களைப் பாடி, மன்றாடவேண்டும். வேலையாட்களும் அந்த வட்டத்தில் அமரவேண்டும். மணமாகாதவர்கள் தனியே குடியிருப்பதைச் சட்டமே விரும்பவில்லை. யாராவது ஒரு குடும்பத்தின் கூரைக்குக் கீழ் வந்தாகவேண்டும். ஒருவர் ஆன்மா மற்றவர் பொறுப்பு என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் அக்கறையும் வேவும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. 1641இல் இயற்றிய உரிமைச் சட்டத்தில், கணவன் மனைவியை அடிக்கக்கூடாது என்றும், மனிதனுக்குப் பயன்படும் விலங்குகளைக் கொடுமை செய்யக்கூடாது என்றும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். அதே சட்டம் நியாயமான போரில் பிடிபட்டவர்களை அடிமைகளாக வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது.

ஓய்வுநாள் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடும். அதற்குள் விறகு உள்ளே வந்திருக்கவேண்டும், மறுநாளைய உணவு அடுப்பில் ஏறியிருக்கவேண்டும். ஞாயிறு காலையில் பறையடித்தோ, சங்கு ஊதியோ, மணி இருந்தால் மணியடித்தோ ஊரைக் கூட்டினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த கட்டடத்தை ஆலயம் என்று அழைக்க மறுத்தார்கள். சபை என்பது ஆட்கள். கட்டடம் வெறும் கூடுகை வீடு. சிலுவை இல்லை, பீடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, ஆர்கன் இல்லை. கண்ணுக்கு எதிரே பிரசங்க மேடை மட்டும். ஹிங்கமில் 1681இல் எழுப்பிய கூடுகை வீடு, கவிழ்த்த கப்பல் போன்ற கூரை உத்தரங்களோடு இன்னும் இருக்கிறது. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். வயது, செல்வம், பதவி ஆகியவற்றை எடைபோட்டு யார் எந்த விசிப்பலகையில் என்று குழு அமைத்து முடிவு செய்தார்கள். கடவுளுக்கு முன் எல்லோரும் பாவிகள் என்று நாள் முழுதும் பிரசங்கித்தவர்கள் இதை எப்படிப் பொருத்திக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு ஆராதனைகள். பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டு மணி நேரமும் போகும். பாஸ்டனில் வியாழக்கிழமையும் ஒரு பிரசங்கம் உண்டு. பலர் மடியில் தாள் வைத்துக் குறிப்பெடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் வேலையாட்களிடமும் கேள்வி கேட்டார்கள். பாடுவதற்கு இசைக்கருவி இல்லை; ஒருவர் ஒரு வரியை வாசிக்க, சபை அதைப் பாடியது. 1640இல் கேம்பிரிட்ஜில் அச்சான சங்கீதப் புத்தகம்தான் வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் அச்சிட்ட முதல் நூல். அது சங்கீதப் புத்தகமாக அமைந்ததில் எனக்கு வியப்பில்லை. எழுத்து அவர்களுக்கு உயிர்நாடி. 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆசிரியரை அமர்த்தவேண்டும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலத்தீன் பள்ளி வைக்கவேண்டும் என்று 1647இல் சட்டம் செய்தபோது, மனிதரை வேதத்தின் அறிவிலிருந்து விலக்கி வைப்பதே சாத்தானின் தந்திரம் என்று அதன் முதல் வரியிலேயே காரணம் சொன்னார்கள்.

வேதத்தில் இல்லாததை எல்லாம் களைந்தார்கள். கிறிஸ்துமஸ் இல்லை, 1659 முதல் 1681 வரை மாசச்சூசெட்ஸில் அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். திருமணத்தை நடத்தி வைத்தவர் போதகர் அல்லர், நீதிபதி. பல ஏடுகளில் மாதங்களின் ரோமப் பெயர்கள்கூட நீங்கி, மார்ச்சை முதல் மாதமாகக் கொண்டு எண்கள் வந்தன.

சடங்குகளைக் களைந்தபின் மிஞ்சிய வெளியை அடையாளங்கள் நிரப்பின. வேதத்தை வாசிப்பதுபோலவே நடப்பவை அனைத்தையும் அவர்கள் வாசித்தார்கள். வின்திராப்பின் மகன் தம் நூல்களைத் தானியம் வைத்திருந்த அறையில் வைத்திருந்தார். கிரேக்கப் புதிய ஏற்பாடு, சங்கீதம், இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கட்டிய ஒரு நூலும் அங்கே இருந்தது. எலிகள் ஜெபப் புத்தகத்தின் ஒவ்வோர் இதழையும் தின்றுவிட்டு, மற்ற இரண்டையும் தொடவே இல்லை. குடியேற்றத்தின் ஆளுநராகப் பலமுறை இருந்த வின்திராப் இதைக் கவனிக்கத்தக்க நிகழ்ச்சி என்று 1640இல் தம் நாளேட்டில் ஏற்றினார். ஓர் எலியின் பல்தடத்தையும் தவறவிடாத கவனம் அது.

கடைவீதியிலும் இதே கவனம்தான். ராபர்ட் கீன் பாஸ்டனின் செல்வந்த வணிகர். பாஸ்டன் சபையின் போதகர் ஜான் காட்டனின் பிரசங்கங்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்த பக்திமான். ஆணி, கடிவாளம், பொத்தான் முதலியவற்றை அநியாய விலைக்கு விற்றார் என்று 1639இல் அவர்மீது வழக்கு வந்தது. ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது பன்னிரண்டு பென்ஸுக்கு, ஆறு பென்ஸுக்கு மேல் இலாபம் வைத்தார், சில சிறு பொருள்களில் ஒன்றுக்கு இரண்டாக எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் 200 பவுண்டு அபராதம் விதித்து, பிறகு 80 ஆகக் குறைத்தது. சபையும் அவரை விசாரித்துக் கண்டித்தது. தம் பேராசை பிடித்த உள்ளத்தை அவர் கண்ணீரோடு அறிக்கையிட்டார். இயன்றவரை மலிவாக வாங்கி இயன்றவரை விலை ஏற்றி விற்கலாம் என்பதும், கடலில் சரக்கு இழந்தவன் மீதிச் சரக்கின் விலையை ஏற்றி ஈடுகட்டலாம் என்பதும் பொய்யான கொள்கைகள் என்று காட்டன் பிரசங்க மேடையிலிருந்தே விளக்கினார்.

கீனுக்கு அந்தக் காயம் ஆறவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1653இல், உயில் எழுத உட்கார்ந்தவர் சொத்துப் பங்கீட்டுக்கு நடுவே தம் கணக்குகளை எடுத்துவைத்து வாதாடத் தொடங்கினார். அந்த உயில் நூற்றைம்பது பக்கங்களைத் தாண்டியது. தம்மைத் தண்டித்த அதே ஊருக்கு, நகர மன்றக் கட்டடம் எழுப்ப அதில் பணமும் எழுதி வைத்தார். நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய ஏடுகளில் இதுவும் ஒன்று. ஊர் தன்னை மன்னித்ததா என்பதைவிட, அந்த ஆணிகளின் விலை கடவுளின் கணக்கில் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதே அவருடைய கவலை.

ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் வாசிப்பு வேறு விதமானது. ஏறத்தாழப் பதினெட்டு வயதில் ஆர்பெல்லா கப்பலில் வந்தவர், எட்டுப் பிள்ளைகளின் தாய், 1650இல் லண்டனில் அச்சான கவிதை நூலின் ஆசிரியர். புதிய நாட்டையும் புதிய பழக்கங்களையும் கண்டபோது தம் உள்ளம் எதிர்த்து எழுந்தது என்றும், அதுவே கடவுளின் வழி என்று தெளிந்த பிறகே அடங்கிச் சபையில் சேர்ந்ததாகவும் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் சொல்கிறார். 1666 ஜூலை 10ஆம் தேதி இரவு ஆண்டோவரில் அவர் வீடு எரிந்தது. அதைப் பற்றிய கவிதையில், கொடுத்தவரும் எடுத்தவரும் கர்த்தரே என்று, வேதத்தில் எல்லாம் இழந்தும் கடவுளைப் பணிந்த யோபுவின் வழியில் உடனே வணங்கிவிடுகிறார். வணங்கிய பிறகும் கவிதை முடியவில்லை. சாம்பலைக் கடந்து போகும்போதெல்லாம் கண் அங்கே திரும்புகிறது. இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது, இங்கேதான் உட்கார்ந்தேன், இங்கேதான் படுத்தேன் என்று விரல்விட்டு எண்ணுகிறார். இனி இந்தக் கூரைக்குக் கீழ் விருந்தாளி அமரமாட்டார், விளக்கு எரியாது என்று வீட்டோடு பேசுகிறார். எல்லாம் மாயை என்று பிறகு தம்மைத் தாமே அடக்கிக்கொள்கிறார். அடக்குவதற்கு முன் எண்ணி முடித்துவிடுகிறாரே, அந்த இடத்தை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

இதே வாசிப்பு பிறருடைய துயரத்தின்மேல் திரும்பியபோது கொடூரமானது. பூர்வகுடி மக்கள் அம்மை நோயில் மாண்டுகொண்டிருந்த 1634இல், நாம் வைத்திருக்கும் நிலத்தின்மீது நமக்குள்ள உரிமையைக் கர்த்தர் தெளிவாக்கிவிட்டார் என்று வின்திராப் ஒரு கடிதத்தில் எழுதினார். 1637இல் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பூர்வகுடியினரான பீக்வாட் மக்களின் கோட்டைக்கு நெருப்பு வைத்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றபோது, அந்த வெற்றி இனிய பலியாகத் தோன்றியதாகப் பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதினார். தன் வீட்டு நெருப்பில் தன் பாவத்தைத் தேடிய மனிதர்கள், தாங்கள் வைத்த நெருப்பில் அதைத் தேடவில்லை. இதைச் சொல்லாமல் அவர்களுடைய பக்தியைப் பற்றி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

சூவலின் வீட்டுக்குத் திரும்புகிறேன். 1696 ஜனவரி 13ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு மேல் அவர் வீடு வந்தபோது, மனைவி ஹன்னா வாசலிலேயே எதிர்கொண்டு, மகள் பெட்டி எல்லோரையும் கலங்கடித்துவிட்டாள் என்றார். பெட்டிக்கு அப்போது பதினான்கு வயது. சில நாள்களாகவே வாடியிருந்தவள், உணவுக்குச் சற்றுப் பின் திடீரென்று வாய்விட்டு அலற, வீடே சேர்ந்து அழுதிருக்கிறது. காரணம் கேட்டால் முதலில் சொல்லவில்லை. நரகத்துக்குப் போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது, என் பாவங்கள் மன்னிக்கப்படவில்லை என்று கடைசியில் சொன்னாள். ஒரு வாரத்துக்கு முன் சூவல் வீட்டில் வாசித்த பிரசங்கம்தான் அந்தப் பிஞ்சு மனத்தில் தைத்திருந்தது. “நீங்கள் என்னைத் தேடுவீர்கள், ஆனாலும் என்னைக் காணமாட்டீர்கள்” என்ற வசனத்தின் மேலான பிரசங்கம் அது. ஜெபித்தாயா என்று தாய் கேட்டாள். ஜெபித்தேன், ஆனால் மன்னிக்கப்படாதவள் ஜெபம் கேட்கப்படாதே என்று அஞ்சுகிறேன் என்றாள் மகள். பிப்ரவரியில் ஒருநாள், தந்தை எழுந்ததும் எழாததுமாக அவர் அறைக்கு வந்து, தான் தெரிந்துகொள்ளப்பட்டவள் அல்லள் என்றாள். அவளுடைய அச்சங்களுக்கு இயன்றவரை பதில் சொன்னேன், இருவரும் கண்ணீரோடு மன்றாடினோம், கடவுள் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன் என்று சூவல் எழுதுகிறார். நீ இரட்சிக்கப்பட்டவள்தான், பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடியவில்லை. அவர் நம்பிய கடவுளின் முன் அந்த வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் ஒரு தகப்பனுக்கு இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 1692இல், மாசச்சூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் பலர்மீது சூனியக் குற்றம் சாட்டி நடத்திய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் சூவலும் ஒருவர். பத்தொன்பது பேர் தூக்கில் தொங்கினார்கள். கைல்ஸ் கோரி கல் பாரத்தின் கீழ் உயிர்விட்டார். 1696 மே மாதத்தில் சூவலுக்கு ஒரு மகன் இறந்தே பிறந்தான். டிசம்பர் 23ஆம் தேதி இரண்டு வயது மகள் சாரா இறந்தாள். மறுநாள், மகன் சாம் தந்தைக்கு முன் நின்று மத்தேயு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பகுதியை இலத்தீனில் ஒப்பித்தான். “பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்பது என்னவென்று நீங்கள் அறிந்தீர்களானால், குற்றமில்லாதவர்களைக் குற்றப்படுத்தமாட்டீர்கள்” என்ற ஏழாம் வசனம் வந்தபோது, சேலத்தின் துயரம் பயங்கரமாக நினைவுக்கு வந்தது என்று அன்று குறித்தார்.

1697 ஜனவரி 14 குடியேற்றம் முழுவதற்கும் அறிவித்த உபவாச நாள். போதகர் சாமுவேல் வில்லர்ட் விசிப்பலகைகளைக் கடந்து போகையில் சூவல் ஒரு தாளை அவர் கையில் கொடுத்தார். தம்மீதும் தம் குடும்பத்தின்மீதும் மீண்டும் மீண்டும் விழும் கடவுளின் அடிகளை உணர்ந்து, சேலத்தில் நடந்தவற்றின் பழியையும் வெட்கத்தையும் ஏற்றுக்கொள்ள விரும்புவதாகவும், மனிதரிடமும் கடவுளிடமும் மன்னிப்பு வேண்டுவதாகவும் அதில் எழுதியிருந்தார். வில்லர்ட் அதைச் சபைக்கு வாசித்து முடிக்கும்வரை சூவல் தம் இடத்தில் எழுந்து நின்றார். முடிந்ததும் தலை வணங்கினார். அது பிற்பகல் என்றும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.